தாய்ப்பத்திரம் இல்லாத நிலம்

எமர்சனின் 'ஹமாத்ரேயா' கவிதையைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது ஒரு பெருமிதம் தவறாமல் வந்துவிடுகிறது. விஷ்ணு புராணம் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு கிராமம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது, அமெரிக்காவின் தலையாய சிந்தனையாளர் ஒருவர் மண்ணாசையின் வெறுமையைச் சொல்ல நம்மிடம் வந்துதான் வார்த்தை கேட்க வேண்டியிருந்தது என்கிற பெருமிதம். தகவல் சரிதான். ஆனால் போய்ச் சேர்ந்த சரக்கு அங்கே என்ன வேலை செய்தது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. ஒரு தரிசனம் எந்த ஊரில், யார் வாயிலிருந்து, எந்தக் கிரயத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறது என்பதற்கும் அதன் பொருளுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதே இங்கே என் கேள்வி. உண்டு, கவிதையின் தரத்தையே பாதிக்கும் அளவுக்கு உண்டு என்பது என் எண்ணம். அதை நிறுவ, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் விவசாய நிலம் எப்படி விற்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். இலக்கிய விமர்சனத்தில் சர்வேக்கும் அடமானத்துக்கும் என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வக்கீல் எழுதிய பத்திரம் அந்தக் கவிதைக்குள்ளேயே வருகிறது. நானாகக் கொண்டுவந்து சேர்த்ததல்ல.

முதலில் கவிதை. 1847-ல் வெளியான எமர்சனின் முதல் கவிதைத் தொகுதியில் இருப்பது. ஆரம்பமே ஒரு பெயர்ப் பட்டியல்: கான்கார்டில் நிலம் வைத்திருந்த குடும்பங்களின் ஆறு பெயர்கள். இவர்கள் உழைத்தார்கள், நிலமும் பதிலுக்கு வைக்கோலும் சோளமும் ஆப்பிளும் கம்பளியும் தந்தது. ஒவ்வொருவனும் தன் வயலில் நடந்துகொண்டே இது என்னுடையது, என் பிள்ளைகளுடையது, என் பெயருடையது என்று சொல்லிக்கொள்கிறான். தன் நாய்க்குத் தன்னைத் தெரிவதுபோல, தன் தண்ணீருக்கும் தன் புல்லுக்கும் தன்னைத் தெரியும் என்று நம்புகிறான். மேட்டோடு பள்ளத்தைச் சேர்த்துக்கொள்கிறான். இன்னும் களிமண் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், கரம்பை வேண்டும் என்கிறான். இவர்களெல்லாம் இப்போது எங்கே? தங்கள் மண்ணுக்கு அடியில். அதற்குப் பிறகு பூமி தன் குரலில் பாடுகிறது. வக்கீல் உறுதியாக எழுதிக் கொடுத்த பத்திரம் இருந்தது, வாரிசுகளுக்குச் செல்லும் என்று எழுதியிருந்தது, வாரிசுகள் எங்கே என்று கேட்கிறது. என்னைத் தங்களுடையவள் என்றார்கள். அவர்களால் என்னைப் பிடித்துவைக்க முடியவில்லை, நான்தான் அவர்களைப் பிடித்துவைத்திருக்கிறேன் என்கிறது. கடைசி நான்கு வரிகளில் கவிஞர் தன் குரலுக்குத் திரும்புகிறார். பூமியின் பாட்டைக் கேட்டதும் தன் பேராசை, சவக்குழியின் குளிரில் காமம் தணிவதுபோலத் தணிந்துவிட்டது என்று முடிக்கிறார்.

இதன் மூலம் விஷ்ணு புராணத்தின் நான்காம் அம்சத்தின் இறுதியில் இருக்கிறது. பராசரர் மைத்ரேயருக்கு அரச வம்சங்களை வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, பூமிதேவியின் கூற்றாக வரும் சுலோகங்களை எடுத்துச் சொல்கிறார். அசிதர் என்ற முனிவர் ஜனகனுக்குச் சொன்னவை அவை. ஹெச். ஹெச். வில்ஸன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1840-ல் வந்தது. 1845-ல் எமர்சன் இந்தப் பகுதியைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டார். மைத்ரேயர் என்ற பெயர்தான் ஹமாத்ரேயா ஆகியிருக்க வேண்டும். பூமி பூக்களாய்ச் சிரிக்கிறாள் என்ற அற்புதமான படிமம்கூடப் புராணத்திலிருந்து வந்ததே. இவ்வளவும் சாதாரணமாக எல்லோரும் சொல்வதுதான். சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. புராணத்தில் பூமி பார்த்துச் சிரிப்பது அரசர்களை. படை திரட்டி, எல்லை கடந்து, கடல் சூழ்ந்த நிலமெல்லாம் எனது என்று கிளம்புகிறவர்களை. தன்னையே ஜெயிக்கத் தெரியாதவன் மண்ணை ஜெயிக்கப் பார்க்கிறானே என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள்.

நம்முடைய மரபிலும் நிலையாமையைப் பாடும் காஞ்சி பிரதானமாக அரசனை நோக்கியே பேசுகிறது. மாங்குடி மருதன் மதுரைக்காஞ்சியைச் சொன்னது பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு. வைகைக் கரையில் ஏர் பிடித்த எவனுக்கும் அல்ல. இது தற்செயலாக நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மண் உன்னுடையது இல்லை என்ற வாக்கியத்துக்கு ஓர் அறவலிமை வேண்டுமானால், அதைக் கேட்கிறவன் மண்ணை வென்று எடுத்தவனாக இருக்க வேண்டும். எமர்சன் அந்த இடத்தில் விவசாயியை நிறுத்துகிறார். படைக்குப் பதில் ஏர், வெற்றிக்குப் பதில் கிரயம். இந்த மாற்றத்தைக் கவிதை கவனித்ததாகவே தெரியவில்லை. அரசனுக்குப் பொருந்தும் சிரிப்பு, கடன் வாங்கி நிலம் வாங்கியவனுக்கும் அப்படியே பொருந்துமா? பொருந்தும், இருவரும் சாகிறார்கள் என்பதுதான் கவிதை தரும் பதில். சாவை ஒரு தராசாக வைத்துக்கொண்டால் எல்லாமே சம எடைதான். வாங்கியவன், விற்றவன், விற்காமலே இழந்தவன் எல்லோருக்கும் ஆறடி. அப்படிப்பட்ட தராசில் எதையும் நிறுக்க முடியாது.

எமர்சனுக்கு வேறு தராசும் கைவசம் இருந்தது என்பதால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். 1835-ல் கான்கார்டின் இருநூறாவது ஆண்டு விழாவில் அந்த ஊரின் சரித்திரத்தைச் சொற்பொழிவாக நிகழ்த்தியவர் அவர்தான். குடியேறியவர்கள் அந்த நிலத்தை இந்தியர்களிடம் விலைக்கு வாங்கியதை அதில் பழைய ஆவணங்களிலிருந்து எடுத்துச் சொல்கிறார். விலை என்ன? சிப்பிமணிச் சரங்கள், கைக்கோடாலிகள், மண்வெட்டிகள், கத்திகள், பருத்தித் துணி, சட்டைகள். அந்த இனத்துத் தலைவியின் கணவனுக்கு ஒரு ஜதை உடுப்பும் தொப்பியும் காலணியும் தனியாக. வாங்கியவர்களில் முன்னால் நின்றவர் சைமன் வில்லர்ட். வில்லர்ட் என்ற பெயர் 'ஹமாத்ரேயா'வின் முதல் வரியில் இருக்கிறது. பின்னால் திருத்தப்பட்டு இன்று பரவலாகப் படிக்கப்படும் வடிவத்தில் பல்க்லி என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. பீட்டர் பல்க்லி ஊரை நிறுவிய பாதிரியார், எமர்சனின் சொந்த மூதாதை.

நம் ஊரில் ஒரு நிலத்தை வாங்கப் போகிறவன் முதலில் தாய்ப்பத்திரத்தைக் கேட்பான். விற்கிறவனுக்கு இந்த நிலம் யாரிடமிருந்து, எந்த வகையில் வந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டான். எமர்சனின் கவிதையில் பூமியே வந்து சாட்சி சொல்கிறது. எல்லாம் பார்த்தவள், எல்லோருக்கும் மூத்தவள். அவளுடைய ஞாபகம் வில்லர்டோடு தொடங்குகிறது. அதற்கு முந்திய கிரயம் அவளுக்கு ஞாபகம் இல்லை. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் மேடையில் நின்று மண்வெட்டிக்கும் சட்டைக்கும் கணக்குச் சொன்னவருக்குத் தெரிந்த விஷயம், அவர் படைத்த பூமிக்குத் தெரியவில்லை. இதைக் கவிஞரின் சொந்த வாழ்க்கையை வைத்துக் கவிதையை மடக்குகிற காரியமாக நினைக்க வேண்டாம். 1844-ல் அவரே வால்டன் குளக்கரையில் பதினான்கு ஏக்கர் போல வாங்கினார், பேராசை தணிந்ததாக எழுதியது அதற்குப் பிறகு என்று சொல்லி மடக்கலாம். அது மலிவான வாதம். செரோக்கி இனத்தாரை நிலத்தைவிட்டுத் துரத்துவதைக் கண்டித்து 1838-ல் ஜனாதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவரும் அவர்தான். மனசாட்சி இருந்த மனிதர். நான் சொல்வது கவிதையின் உள்ளே இருக்கும் குறையை. பூமி என்று ஒரு குரலை உண்டாக்கி, அந்தக் குரலுக்குச் சொந்த ஞாபகம் இல்லாமல் செய்துவிட்டால், அது பூமியின் குரல் ஆகாது. கவிஞரின் தத்துவம் பூமியின் வேஷத்தில் வந்து பேசுவதாகத்தான் ஆகும்.

எமர்சனின் கான்கார்டு பழைய முறையில் அளந்த ஊர். எல்லை என்பது ஒரு கருவாலி மரம், ஒரு கல், ஓர் ஓடை, பக்கத்து வீட்டுக்காரனின் வேலி. நம் பத்திரங்களில் கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் புஞ்சை என்று நான்கெல்லை எழுதுவதுபோல. ஆனால் அவர் கவிதை எழுதிய காலத்தில் மேற்கே நிலம் வேறு பாஷையில் விற்றுக்கொண்டிருந்தது. 1785-ல் புதிய குடியரசு ஒரு சட்டம் செய்தது. விற்பதற்கு முன் அளக்க வேண்டும். ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரமாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு சதுரத்தையும் முப்பத்தாறு கட்டங்களாக்க வேண்டும். கட்டம் ஒன்றுக்கு 640 ஏக்கர். மலை குறுக்கிட்டாலும் ஆறு குறுக்கிட்டாலும் கோடு நேராகவே போகும். குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு 1 டாலர், 1796 முதல் 2 டாலர். 1820-ல் அதை 1 டாலர் 25 சென்ட்டாக இறக்கி, கடன் வசதியை நிறுத்தி, 80 ஏக்கர் வரை சிறிதாக வாங்கலாம் என்றார்கள். கையில் 100 டாலர் ரொக்கம் இருந்தால் ஒரு பண்ணை. அந்தப் பண்ணைக்கு மரமும் ஓடையும் அண்டைவீட்டானும் பத்திரத்தில் கிடையாது. எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கட்டம், அதில் எந்த மூலையின் கால்பாகம் என்ற எண்கள் மட்டும்தான். கண்ணால் பார்க்காமலே வாங்கலாம், காலால் மிதிக்காமலே விற்கலாம்.

இதே 1785-ல்தான் சார்லஸ் வில்கின்ஸின் பகவத்கீதை ஆங்கிலத்தில் வெளிவந்தது என்பதை இரண்டு விஷயங்களையும் அறிந்த வாசகன் ஒரு புன்னகையோடு கவனிக்கலாம். அதற்குமேல் அதில் அர்த்தம் தேட வேண்டியதில்லை. அந்தக் கீதையை வால்டன் குளக்கரையில் வைத்துப் படித்தவர் தோரோ. எமர்சன் வாங்கிய அந்த நிலத்தில்தான் அவர் குடிசை போட்டார். நில விற்பனை விஷயத்தில் தோரோ தன் குருவைவிட ஒரு படி கீழே, அதாவது தரைக்கு ஒரு படி அருகே நிற்கிறார். 1854-ல் வந்த 'வால்டன்' நூலில், சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளையெல்லாம் கற்பனையிலேயே ஒவ்வொன்றாக வாங்கி, விலை பேசி, அனுபவித்து, திரும்பக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார். ஹாலோவெல் பண்ணையை மட்டும் நிஜமாகவே வாங்கும் தறுவாய்க்கு வந்துவிட்டார். பத்திரம் எழுதும் முன் சொந்தக்காரனின் மனைவி மனம் மாறிவிடுகிறாள். அவன் பேச்சை முறித்ததற்குப் பத்து டாலர் தருகிறேன் என்கிறான். தோரோ அதையும் வாங்கிக்கொள்ளாமல் பண்ணையையும் அவனுக்கே விட்டுவிட்டு, அதன் அழகை மட்டும் தான் எடுத்துக்கொண்டதாக எழுதுகிறார். இது பிரம்மச்சாரியின் விளையாட்டு. தோற்றாலும் நஷ்டமில்லாதவன் ஆடுகிற ஆட்டம். ஆனால் அதே நூலில் வேறோர் இடத்தில், ஊரில் கடன் இல்லாமல் பண்ணையைச் சொந்தமாக வைத்திருப்பவர் ஒரு டஜன் பேரையாவது சொல்லுங்கள் என்று வரி மதிப்பீட்டாளர்களைக் கேட்க, அவர்களால் சட்டென்று சொல்ல முடியவில்லை என்கிறார். அந்த ஒரு தகவலில் 'ஹமாத்ரேயா'வின் ஆறு பெயர்களும் ஆட்டம் கண்டுவிடுகின்றன. இது என்னுடையது என்று வயலில் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டவனுக்கு அது அப்போதே அவனுடையதாக இல்லை. பூமி வந்து பாடுவதற்கு முன்பே கடன்காரன் பாடிவிட்டான்.

தோரோவின் ஜீவனோபாயம் சர்வே என்பதை அவருடைய ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. கான்கார்டின் வயல்களையும் மரக்காடுகளையும் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை சங்கிலி பிடித்து அளந்து படம் வரைந்து கொடுத்தவர் அவர். அளந்த காடுகளில் சில வெட்டி விற்பதற்காகவே அளக்கப்பட்டவை. அவர் இறந்த சில வாரங்களில், 1862 ஜூனில், அச்சான 'நடத்தல்' கட்டுரையில் ஒரு காட்சி வருகிறது. ஒரு கருமி தன் எல்லைக்கல்லைத் தேடிச் சேற்றில் நிற்கிறான், சுற்றிலும் பிசாசுகள், அவனுக்கு அளந்து கொடுக்கிற சர்வேயர் யார் என்று உற்றுப் பார்த்தால், இருளின் அதிபதி. எழுதியவரின் தொழில் தெரிந்து படிக்கிறவனுக்கு இந்த வரி வேறுவிதமாகச் சுடும். தோரோ இங்கே தன்னையும் கிரயத்துக்குள் நிறுத்துகிறார். எமர்சனின் கவிதையில் கடைசியில் வரும் 'நான்' குளிர்ந்துபோகிறது; தோரோவின் சர்வேயர் குளிர்ந்துபோக வழியில்லை.

இருந்தாலும் விலை என்றால் என்ன, அது எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்வியைத் தோரோவும் கேட்கவில்லை. கேட்டவர், இவர்கள் இருவருக்கும் முன்னால் வைத்துப் பேசவே பலர் கூசுகிற ஓர் எழுத்தாளர்: ஹாம்லின் கார்லண்ட். விஸ்கான்ஸினில் பிறந்து, அயோவாவில் வளர்ந்து, டக்கோட்டாவில் தானும் ஒரு நிலத்துக்குப் பாத்தியதை பதிந்து, அதைப் பணமாக்கிக்கொண்டு 1884-ல் பாஸ்டன் வந்தவர். நிலத்தின் விலை உயர்வு சமூகம் உண்டாக்குவது, அதைத் தனி ஒருவன் எடுத்துக்கொள்வது திருட்டு என்று வாதாடிய ஹென்றி ஜார்ஜின் 1879-ம் வருஷத்து நூல் அவரை ஆட்கொண்டிருந்தது. 1889-ல் பத்திரிகையில் வந்து, 1891-ல் தொகுப்பில் சேர்ந்த 'சிங்கத்தின் பாதத்தின் கீழ்' என்ற கதையைத்தான் சொல்கிறேன்.

கதை எளிமையானது. கான்ஸாஸில் வெட்டுக்கிளி தின்று தீர்த்ததால் பிழைக்க வழியின்றி, ஹாஸ்கின்ஸ் என்பவன் மனைவி மக்களோடு திரும்பி வருகிறான். கவுன்சில் என்ற நல்ல மனிதர் இடம் கொடுக்கிறார். பட்லர் என்பவனிடம் ஒரு பண்ணையைக் குத்தகைக்குப் பேசிவிடுகிறார். விலை 2,500 டாலர் என்று வைத்து, வருஷக் குத்தகை 250. மூன்று வருஷம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று வாய்ப்பேச்சு. ஹாஸ்கின்ஸ், அவன் மனைவி, ஒன்பது வயதுப் பையன் எல்லோரும் மாடுகளைப்போல உழைக்கிறார்கள். வேலி போடுகிறான், தொழுவம் கட்டுகிறான், கிணறு வெட்டுகிறான். மூன்று வருஷம் முடிந்து, வாங்கிக்கொள்கிறேன் என்று போனால் விலை 5,500. ஏன்? பண்ணை இப்போது நன்றாக இருக்கிறதே! நன்றாக ஆக்கியது நான்தானே என்கிறான் ஹாஸ்கின்ஸ். இதில் ஒன்றும் தப்பில்லை, இதுதான் சட்டம், எல்லோரும் செய்வதுதான் என்கிறான் பட்லர். ஹாஸ்கின்ஸ் கவைக்கோலை ஓங்கிவிடுகிறான். தன் குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டுக் கை தாழ்கிறது. பத்திரமும் அடமானமும் எழுதிக்கொண்டு வா, இனி இந்த நிலத்தில் கால் வைக்காதே என்று சொல்லிவிட்டுக் கதிர்க்கட்டுகளின் மேல் தலையைக் கையில் தாங்கி உட்காருகிறான்.

இது பிரச்சாரக் கதை, கலை இல்லை என்று ஒதுக்குகிறவர்களும், இது பிரச்சாரக் கதை, ஆகவே உயர்ந்தது என்று தூக்குகிறவர்களும் நம்மிடையே ஒரே தவறைத்தான் செய்வார்கள். இரு சாராரும் கதைக்குள் வரும் எண்களைக் கதைக்கு வெளியே இருக்கும் தகவலாக நினைக்கிறார்கள். 2,500, 250, 5,500 என்பவை இந்தக் கதையின் படிமங்கள். வாசகன் மனசில் கணக்குப் போட்டே ஆக வேண்டும். மூன்று வருஷக் குத்தகை 750. அவன் உள்ளே போட்டது சுமார் 1,500. இவ்வளவும் கொடுத்து முடித்த பிறகு, தான் உயர்த்திய மதிப்புக்குத் தானே இன்னொரு தடவை 3,000 கொடுக்க வேண்டும். ஒரு மனிதனுடைய மூன்று வருஷ ஆயுள் விலையாக மாறி அவனுக்கே விற்கப்படுவதை வேறு எந்த உருவகமும் இவ்வளவு துல்லியமாகக் காட்டியிருக்காது. பட்லரை ராட்சசனாக ஆக்காததும் கார்லண்டின் சாமர்த்தியம். மளிகைக் கடைக்காரனாக இருந்தவன். ஒரு மனையை நாலு மடங்குக்கு விற்றதிலிருந்து உழைப்பில் நம்பிக்கை போய்விட்டது. தவணைக்குப் பணம் வராவிட்டால் உடனே ஆளைத் துரத்தவும் மாட்டான், வட்டி வந்தால் போதும். இவ்வளவு சாதாரணமான மனிதன் என்பதால்தான் கவைக்கோல் ஓங்கிய கை தாழ வேண்டியிருக்கிறது. அவனைக் கொன்றாலும் 5,500 சாகாது.

குழந்தையின் சிரிப்பைக் கொண்டுவந்தது மலிவு என்று ஒப்புக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய குறை ஒன்று கதையின் வேரில் இருக்கிறது. உழைத்தவனுக்கே நிலம் என்ற நியாயத்தின் மேல்தான் ஹாஸ்கின்ஸின் கோபம் நிற்கிறது. நமக்கு உடனே சம்மதமாகிற நியாயம். ஆனால் அந்தக் கண்டத்தில் இதே நியாயத்துக்கு ஒரு முன்கதை உண்டு. இந்தியர்கள் நிலத்தை உழவில்லை, வெறுமனே திரிந்தார்கள், ஆகவே உழுகிறவனுக்கு அது சேரும் என்பதுதான் குடியேறியவர்களின் நெடுநாள் வாதம். 1862-ம் வருஷத்துச் சட்டம், ஐந்து வருஷம் தங்கி உழுதால் 160 ஏக்கர் என்று அறிவித்தபோது அதன் அடியில் இருந்ததும் இந்த எண்ணந்தான். ஹாஸ்கின்ஸின் தாய்ப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அங்கேயும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கார்லண்ட் பட்லரோடு நின்றுவிடுகிறார். அதற்குப் பின்னால் போகவில்லை.

போகிற புத்தகம் ஒன்று கார்லண்டுக்கு அரை நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. எழுத்தாளர் எழுதியதல்ல. ஸாக் இனத்து வீரர் ப்ளாக் ஹாக், அதாவது கரும்பருந்து, 1832 யுத்தத்தில் தோற்றுச் சிறைப்பட்டு மீண்டபின், 1833-ல் வாய்மொழியாகச் சொன்ன சுயசரிதை. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல, பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதிப் பதிப்பித்தது. எந்த வார்த்தை யாருடையது என்று பிரிக்க முடியாது. இந்தச் சந்தேகத்தோடேயே அதைப் படிக்க வேண்டும். ஆனால் அதில் வரும் கிரயக் கணக்கு ஆவணங்களோடு ஒத்துப்போகிறது. 1804-ல் செயின்ட் லூயிஸில் ஓர் உடன்படிக்கை. கைதியாக இருந்த தங்கள் ஆள் ஒருவனை மீட்கப் போன சிலர், குடித்துக் கிடந்து, புதுக் கோட்டும் பதக்கமுமாகத் திரும்பி வந்தார்கள். நிலம் விற்கப்பட்டது இனத்தாருக்குத் தெரியவே தெரியாது என்கிறார் அவர். மிஸிஸிப்பிக்குக் கிழக்கே ஒரு மாநிலத்துக்கு நிகரான பரப்புக்கு விலை 2,234 டாலர் 50 சென்ட் பெறுமான சரக்கும் வருஷத்துக்கு 1,000 டாலரும். அரசாங்கத்தின் சார்பில் அதை முடித்தவர் வில்லியம் ஹென்றி ஹாரிசன். சிறு விவசாயி வாங்குவதற்குத் தோதாக அரசாங்க நிலத்தைக் கடனுக்கும் சிறு அளவிலும் விற்க வேண்டும் என்று 1800-ல் சட்டம் கொண்டுவந்தவரும் இதே ஹாரிசன்தான். ஒரு கையால் வாங்கியதும் இன்னொரு கையால் விற்றதும் ஒரே மனிதர்.

அந்த உடன்படிக்கையில் ஒரு ஷரத்து: நிலம் அரசாங்கத்தின் கையில் இருக்கும்வரை இனத்தார் அங்கே வசிக்கலாம், வேட்டையாடலாம். அதாவது தனியாருக்கு விற்ற அன்றைக்கு அந்த உரிமை முடிந்தது. 1829-ல் விற்றார்கள். ராக் ஆறு மிஸிஸிப்பியில் சேருமிடத்தில் இருந்த ஸாகெனுக் என்ற அவருடைய கிராமமும், அதன் இடுகாடும் சேர்ந்து விற்பனைக்குப் போயின. வாங்கியவர்களில் அவர்களோடு நெடுநாள் பழகிய வியாபாரியும் ஒருவர். அங்கே சுமார் 800 ஏக்கர் சாகுபடியில் இருந்தது, சோளம் போட்டது எங்கள் பெண்கள் என்கிறார். உழாதவர்கள் என்ற வாதம் அந்த 800 ஏக்கரில் முடிந்துபோகிறது. குடியேறியவன் வேலி போட்டுக்கொண்ட பிறகு, பசியில் சோளப்பயிரின் இளங்குருத்துச் சிலவற்றைப் பறித்த ஒரு பெண் அடிக்கப்பட்டதையும் சொல்கிறார். ஹாஸ்கின்ஸ் பட்லரிடம் கேட்ட கேள்வியைக் கேட்க அந்தப் பெண்ணுக்கு அவனைவிட அதிக பாத்தியதை இருந்தது. கார்லண்டின் கதையில் அவளுக்கு இடமில்லை. எமர்சனின் பூமிக்கு அவளைத் தெரியாது.

1816-ல் தானே ஒரு தாளின்மேல் வாத்து இறகுப் பேனாவைத் தொட்டதாகவும், அந்தத் தொடுதலால் தன் கிராமத்தைக் கொடுத்துவிட்டோம் என்பது அப்போது தெரியாது என்றும் சொல்கிறார். கைநாட்டு என்ற நம் சொல்லுக்குள் இருக்கும் அவமானம் முழுவதும் அந்த இடத்தில் இருக்கிறது. இதையெல்லாம் சொல்லும்போதுதான் அந்த வாதமும் வருகிறது: நிலம் விற்கக்கூடியது அல்ல, எடுத்துக்கொண்டு போகக்கூடிய பொருளைத்தான் விற்க முடியும். நம் ஆட்கள் இதைப் பிய்த்தெடுத்து 'ஹமாத்ரேயா'வுக்குப் பக்கத்தில் வைத்து, பார், கிழக்கும் மேற்கும் ஆதிகுடியும் ஒரே உண்மையைத்தான் சொல்கின்றன என்று மகிழ்ந்துவிடக்கூடும். ஒரே உண்மை இல்லை. நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று நிலத்தை வைத்துக்கொண்டிருப்பவன் சொன்னால் அது ஆறுதல்; அவனுக்கு அதனால் ஒரு ஏக்கரும் குறையாது. நிலத்தை இழந்தவன் சொன்னால் அது ஆட்சேபணை. இன்ன தேதியில், இன்ன தொகைக்கு எழுதிய பத்திரம் செல்லாது என்கிறான். முதலாவது காலத்தை நோக்கிப் பேசுகிறது, இரண்டாவது கோர்ட்டை நோக்கி.

அரசாங்கத்துக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரிந்தது. 1887-ல் கொண்டுவந்த சட்டத்தில், எஞ்சியிருந்த இந்தியர் நிலங்களைக் குடும்பத் தலைவன் ஒருவனுக்கு 160 ஏக்கர் என்று கூறுபோட்டது. மிச்சம் என்று கணக்கிட்டதை வெளியே விற்றது. விற்கத் தெரியாதவர்களை, விற்கக்கூடியவர்களாக, விற்றே ஆக வேண்டியவர்களாக ஆக்குவதுதான் அதன் பலன். அந்த வருஷம் சுமார் 13.8 கோடி ஏக்கராக இருந்தது, 1934-ல் அந்த முறை நிறுத்தப்பட்டபோது சுமார் 4.8 கோடியாகிவிட்டது. நிலத்தின் நிலையாமைக்கு இதைவிட நல்ல பாட்டு வேண்டியதில்லை. ஆனால் இந்த நிலையாமையைச் செய்தவர்கள் யார் என்று பெயர் சொல்லலாம்.

'ஹமாத்ரேயா'வைத் தூக்கி எறிய வேண்டும் என்பது என் கட்சி அல்ல. முதல் பகுதியில் அந்த விவசாயிகளின் கர்வம் அன்போடுதான் சொல்லப்படுகிறது. நடையில் மண்ணின் கனம் இருக்கிறது. பூமியின் பாட்டில் அந்தக் கனம் போய்விடுகிறது, வரிகள் மெலிந்து மந்திரம்போல ஆகிவிடுகின்றன, நமக்கும் உடனே மெய்சிலிர்க்கிறது. சிலிர்ப்பதற்குக் காரணம் நாம் அந்தச் சுருதியில் வளர்ந்தவர்கள் என்பதுதான். காதில் விழுந்த மாத்திரத்தில் தலை ஆட்டிவிடுகிறோம். எதற்குத் தலை ஆட்டுகிறோம் என்று பார்ப்பதில்லை. புராணத்தை வாங்கிக்கொண்டு போனவர், அதில் அரசர்கள் இருந்த இடத்தைக் காலியாக்கித் தன் ஊர்க்காரர்களை உட்காரவைத்தார். வென்று எடுத்தவர்கள், வாங்கியவர்களாக ஆனார்கள். வாங்கியவர்கள் என்று ஆனதும், யாரிடம் வாங்கினார்கள் என்ற கேள்வி தானாகவே எழுந்திருக்க வேண்டும். எழாமல் பார்த்துக்கொண்டது அந்தத் தரிசனந்தான்; நாம் ஏற்றுமதி செய்ததாகப் பெருமைப்படுகிற தரிசனம்.

வில்லர்ட் யாரிடமிருந்து வாங்கினார், என்ன கொடுத்தார் என்பது எமர்சனுக்குத் தெரியும். கோடாலி, மண்வெட்டி, கத்தி, சட்டை. அந்த நான்கு சொற்களுக்கு அந்தக் கவிதையில் இடம் இருந்தது.